ஓனர் வீட்டுக் காசும் என் புது போனும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டு ஓனரின் பழைய செப்புக்காசுகளைப் போனில் போட்டோ எடுத்துத் தர வேண்டும்.

அவ்வளவுதான். காசு ரெடி, போன் ரெடி, அன்றைக்கு எனக்கு வார லீவு வேறு. காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் சித்தூரில் தேவசகாயம் சார் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி கலா, எங்கள் சின்னப் பெண், என் அம்மா. சார் கீழ் வீட்டில் இருக்கிறார். மின்சார ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஊரிலிருந்து வந்த என் மாமனாரிடம், "உங்க மாப்ள நல்லவருதான், தண்ணி மோட்டார மட்டும் ஆஃப் பண்ண மாட்டாரு" என்று என்னை அறிமுகம் செய்தவர்.

அந்தக் காசுகள் அவருடைய தாத்தாவுக்கு, கார்வேட்டிநகரம் பக்கத்து நிலத்தில் வேர்க்கடலைக்கு ஏர் ஓட்டும்போது கிடைத்தவையாம். மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். எந்த ராஜா காலத்துக் காசு என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் யாரோ நிற்கிறார், மறு பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் மூக்கு தேய்ந்து போயிருந்தது.

சாருடைய சர்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சி. சபைக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலிருக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவந்து வைக்கப் போகின்றன. காசு சின்னது, தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் போட்டோவைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் காசை வைப்பது சாரின் திட்டம்.

"தம்பி, நீ போட்டோ நல்லா எடுப்பியாமே. கலா சொல்லிச்சி."

கலா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. என் இணையப் பக்கத்துக்கு வந்து போகிற உங்களுக்கே தெரியும், என் போட்டோ லட்சணம். ஒரு இட்லி, ஒரு சூரிய அஸ்தமனம், மறுபடி இட்லி. ஆனாலும் புது போன் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கை அரித்தது.

"குடுங்க சார், இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன்.

சார் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். "கழுவாத, தேய்க்காத. ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வேணும். எங்க நைனா இத பீரோவுல வச்சிப் பூட்டிக்கினு, சாகற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டல. நானாவது நாலு பேருக்குக் காட்டணும் தம்பி."

அப்படிச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான்தான் அப்போதும் போன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்கு வந்து முதல் காசை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தேன். போன் உற்றுப் பார்த்தது. பிறகு மூலையில் தானாகவே ஒரு வார்த்தை வந்தது: "உணவு."

சரி, சின்னப் பிழை. கோணத்தை மாற்றினேன். மறுபடியும் உணவு. போன் அந்தக் காசுக்கு ஒரு மெருகு கொடுத்து, ஓரத்தைச் சிவக்க வைத்து, அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மசால்வடை மாதிரி ஆக்கிவிட்டது.

ஃப்ளாஷ் போட்டேன். ராஜா, மூக்கு, சிம்மாசனம் எல்லாம் போய் ஒரு வெளிச்ச வட்டம் மட்டும் வந்தது. ஃப்ளாஷை அணைத்தேன். இப்போது என் கையும் போனும் சேர்ந்த நிழல், சூரிய கிரகணம் மாதிரி காசை மூடியது.

தாள்தான் சரியில்லை என்று சில்வர் தட்டுக்கு மாறினேன். காசு நன்றாகவே விழுந்தது. கூடவே "அன்பளிப்பு, பெரிய மாமா குடும்பத்தார்" என்று தட்டில் வெட்டியிருந்ததும் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில், கீழிருந்து மேலாக, என் மூக்குத் துவாரங்கள்.

கலா எட்டிப் பார்த்தாள். "இன்னா, இவ்ளோ அழுக்கா கீது? புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே."

"தொடாத!" என்று நான் கத்தியதில் சின்னவள் பக்கத்து அறையில் அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது என் முழங்கை காபி டம்ளரில் பட்டது. காபி முழுக்க சாருடைய கைக்குட்டையில். நல்லவேளை, காசு தட்டில் இருந்தது.

இணையத்தில் தேடினால் எந்தக் காசு என்றாவது தெரியுமே என்று ஒரு போட்டோவைப் போட்டுத் தேடினேன். "ஜாக்கெட் பித்தான், பழைய மாடல்" என்று பதில் வந்தது. வாங்க மூன்று கடைகளையும் காட்டியது.

அப்புறம்தான் இங்கே வந்து உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருவர் "சூப்பர் வடை" என்றார். ஒருவர் "ப்ரோ, போன் என்ன விலை?" என்றார். ஒரே ஒரு புண்ணியவான்தான் உருப்படியாகச் சொன்னார். ஜன்னல் பக்கமாக வையுங்கள், வெளிச்சம் சாய்வாக விழட்டும், கீழே பூப்போடாத ஒரே நிறத் துணி விரியுங்கள், மஞ்சள் என்றால் இன்னும் நல்லது.

மஞ்சள் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? சாமி அலமாரியில் அம்மா கிழித்தது போக மிச்சம் ஒரு துண்டு இருந்தது. அதை விரித்தேன். ஜன்னலைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கண் கலங்கியது. நிற்கிற ஆள் நிற்கிறார், உட்கார்ந்தவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிடித்திருக்கும் பூ வரைக்கும் தெரிகிறது. ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பி எடுத்துத் தள்ளினேன். நடுவில் இடம் இல்லை என்று போன் முரண்டு பிடித்தது. பழைய போனிலிருந்து ஏற்றிய போட்டோக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு மறுபடியும் எடுத்தேன். கலைஞனுக்கு முன்னால் யாரும் குறுக்கே வரக் கூடாது.

அந்த நேரத்தில்தான் கீழே கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார். சின்னவள் எதைக் கண்டாலும் வாயில் போடுகிறவள். காசைத் தரையில் விட்டுப் போக முடியாது. கைக்குட்டையோ காபியில் ஊறிக் கிடக்கிறது. அப்படியே மஞ்சள் துணியிலேயே சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, அவளுக்கு எட்டாத உயரத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஓடினேன்.

சித்தூரில் பிறந்து வளர்ந்த ஒருத்தன், மஞ்சள் துணியில் காசை முடிந்து, அதுவும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைக்கிறான் என்றால், அவன் மூளை அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, நினைத்த காரியம் ஆக வேண்டும் என்றால், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி முன்னால் வைப்பார்கள். காரியம் ஆனதும், இல்லை வீட்டில் யாராவது மலைக்குப் போகும்போது, அந்த முடிச்சைத் திருமலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். முக்கியமான விஷயம், யாருடைய முடிச்சாக இருந்தாலும் எதற்கு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது.

சின்னவளுக்கு அதற்கு முந்தின மாதம் காய்ச்சல் வந்தபோது அம்மா ஒரு முடிச்சு போட்டிருந்தார். அதைச் சேர்க்க, மறுநாள் வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்காவோடு மலைக்குப் போக அம்மாவுக்குத் தரிசன டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது அம்மா முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிருந்தார். பல் துலக்கிக்கொண்டே சாமி அலமாரியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக.

"கலா, இங்க வச்ச மஞ்சத்துணி எங்க?"

"அத்தை எடுத்துக்கினு போனாங்களே. ரெண்டு முடிச்சையும்."

"ரெண்டையுமா? கேக்கலியா உன்ன?"

"எதுவும் கேக்கல. ஆனா இன்னிக்கி அவங்களே எனக்குக் காபி போட்டுக் குடுத்தாங்க. தலைய வேற தடவினாங்க. எனக்கு பயமாயிட்ச்சி, உடம்புக்கு எதாச்சும் முடியலியோன்னு."

எனக்குப் புரிந்துவிட்டது. மருமகள் யாருக்கும் சொல்லாமல் ஏதோ வேண்டிக்கொண்டு முடிச்சு போட்டிருக்கிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறார். கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று எடுத்துப் போயிருக்கிறார். இதில் ஒரு தப்பையும் சொல்ல முடியாது. எனக்கு வாய்த்த அம்மா அப்படி.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். சமையலறையில் மணி அடித்தது. கோயிலுக்குள் போனை விட மாட்டார்கள், எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா போன் அணைத்துக் கிடந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் வாசலில் தேவசகாயம் சார்.

"தம்பி, போட்டோ ஆயிட்ச்சா?"

"அருமையா வந்துகீது சார்." போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

"பூ வச்சிக்கினு கீறான் பாரு. இத்தினி வருஷமா எனக்கே தெரியாது." பிறகு தலை நிமிர்ந்தார். "சரி, காசு?"

"அது... மேல கீது சார்."

மேலேதான் போய்க்கொண்டிருந்தது. ஏழு மலைக்கு மேலே.

ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். பஸ் வழியில் ஒவ்வொரு ஊரிலும் நின்று, டிரைவர் டீ குடித்து, கண்டக்டர் தெலுங்கில் ஒரு குடும்பச் சண்டையைப் போனில் தீர்த்துவைத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மலை பஸ். ஒவ்வொரு வளைவிலும் "பெருமாளே, அம்மாவ வரிசையிலயே நிறுத்தி வை" என்று வேண்டிக்கொண்டேன். திருமலைக்குப் போகிற வழியில் தரிசனம் தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

வரிசை வாசலில் இருந்த செக்யூரிட்டிக்காரர் நல்ல மனிதர். முழுக் கதையையும் கேட்டார்.

"சரே, அம்மா போட்டோ காட்டுங்க. உள்ளாற சொல்லிப் பாக்கறேன்."

போனைத் திறந்தேன். காசு. காசு. காசின் மறு பக்கம். வடை மாதிரி காசு. என் மூக்கு. இன்னும் தள்ளினேன். காசு.

அம்மா போட்டோ ஒன்றுகூட இல்லை. நேற்று இடம் வேண்டும் என்று நான் அழித்த பழைய போட்டோக்களில்தான் அம்மா இருந்திருக்கிறார். யாரென்றே தெரியாத ஒரு ராஜாவை எல்லாப் பக்கமும் படம் பிடித்து வைத்திருக்கிறேன், பெற்ற தாய்க்கு இடம் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

கடைசியில் டிக்கெட் எடுக்கும்போது போனில் இறக்கி வைத்த அம்மாவின் ஆதார் அட்டை கிடைத்தது. காட்டினேன். செக்யூரிட்டிக்காரர் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது அம்மாவா, நைனாவா?"

ஆதார் போட்டோவில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்?

வெளியே வருகிற வழியில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மொட்டை, தலையில் சந்தனம். ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாரும் ஒரே மாதிரி. போனில் ஆதார் அட்டையைத் திறந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மொட்டைத் தலை என் முதுகில் தட்டியது.

"இன்னாடா, இங்க வந்து நின்னுக்கினு கீற? ஆபீசு இல்ல?"

அம்மாதான். பேத்திக்காக முடியையும் கொடுத்திருந்தார். கையில் லட்டுப் பை.

"அம்மா, முடிச்சு?"

"போட்டாச்சி. ரெண்டும். கலாவுதும்." அம்மாவுக்குக் கண் நிறைந்திருந்தது. "அந்தப் பொண்ண நான் எப்பப் பாத்தாலும் எதனா சொல்லிக்கினே இருக்கறன். அது பாட்டுக்கு சாமிக்கு முடிஞ்சி வச்சிக்கினு அமைதியா கீது."

நான் அம்மாவை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, விசாரிக்கிற இடம் ஒன்றில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் கோபப்படவில்லை. கையை மேலே காட்டி, "ஹுண்டீலோ படிதே அதி ஸ்வாமிவாரிதே" என்றார். உண்டியலில் விழுந்தால் அது சாமியுடையது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

இறங்குகிற பஸ்ஸில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப கலா எதுவும் வேண்டிக்கலியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"அப்டியா," என்றார் அம்மா. காசு போனதைவிட அதில்தான் அவருக்கு வருத்தம் என்று தெரிந்தது. பிறகு லட்டுப் பையை மடியில் நகர்த்திக்கொண்டு, "பரவால்ல, காபி குடுத்தது குடுத்ததுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மாதான் முன்னால் போய் லட்டை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார்.

சார் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

பிறகு அம்மாவிடம் மட்டும் கேட்டார். "போடும்போது இன்னான்னு வேண்டிக்கினீங்க?"

"யாரு முடிஞ்சதோ, அவங்க மனசுல இன்னா நெனச்சிக்கினு கீறாங்களோ, அது நடக்கணும்னு வேண்டிக்கினேன் சார்."

"நான் முடியலியேம்மா."

"காசு உங்குளுதுதானே."

சார் லட்டில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். "நீ அந்தப் போட்டோவ அனுப்பு" என்றார் என்னைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாருமே சர்ச்சுக்குப் போனோம். என்ன நடந்தாலும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஹாலுக்குள் நுழைந்தோம். சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். பேருந்துச் சக்கரம் அளவுக்கு ஒவ்வொரு காசும், மஞ்சள் துணியில். அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒன்றுமே இல்லை.

கூட்டம் மொத்தமும் அங்கேதான் நின்றது. மற்ற மேசைகளில் பழைய பைபிள், பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம் எல்லாம் அனாதையாகக் கிடந்தன. "பூ வச்சிக்கினு கீறான் பாரேன்" என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சார் ஒவ்வொருவருக்கும் தாத்தா ஏர் ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

பாஸ்டர் வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"காசு எங்க சார்?"

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். சொன்னேனே, பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சார் தொண்டையைக் கனைத்தார். "திருப்பதில கீது பாஸ்டர்."

"அப்டியா! மியூசியத்துல கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நம்ம மாடி வீட்டு அம்மாதான் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க."

"திருப்பித் தருவாங்களா?"

"அங்க போனது திரும்பி வராது பாஸ்டர். ஆனா ஒரு திருட்டும் போகாது."

பாஸ்டருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, நம் தேவசகாயம் சார் பரம்பரைச் சொத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஊருக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார் என்று அறிவித்தார். ஹால் முழுக்கக் கைதட்டல். சார் மறுக்கவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல் நெளிந்தார். கலா மட்டும் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

கைதட்டல் அடங்கியதும் வயதான ஒரு அம்மா சாரிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்க வூட்லயும் பழைய காசு கொஞ்சம் கீதுங்க. அந்த இடத்துல சேக்கணும்னா யாரப் பாக்கணும்?"

சார் கொஞ்சம் யோசித்தார். பிறகு, என் பக்கத்தில் மொட்டைத் தலையோடு நின்ற அம்மாவைக் கை காட்டினார்.

"இவங்ககிட்ட ஒண்ணும் குடுக்க வேணாம். பார்வைல படற மாதிரி வச்சா போதும்."